ஓவியர் அழித்த கப்பல்கள்

தன்னம்பிக்கை நூலொன்றின் அட்டையில், ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் (1774–1840) ஏறத்தாழ 1818இல் தீட்டிய ‘மூடுபனிக் கடலைப் பார்த்து நிற்கும் வழிப்போக்கன்’, சிகரம் தொட்ட வெற்றிவீரனாக ஆக்கப்பட்டிருக்கிறான். நூலட்டைகளில் மலையை ஓரத்தில் வெட்டுவதும் வானத்தைத் தலைப்பெழுத்தால் மூடுவதும் பழகிப்போன குற்றங்கள் என்றால், ஓவியத்தின் பொருளையே திரித்துவிடும் இக்குற்றம் அவற்றினும் பெரிது. முதுகு காட்டி நிற்கும் மனிதரை ஃபிரீட்ரிக் திரும்பத் திரும்ப வரைந்தது, காண்போர் அம்மனிதரின் இடத்தில் நின்று அவர்முன் விரியும் அளவின்மையை உணரவேண்டும் என்பதற்காகவே.

அந்த அளவின்மையை அவர் அடைந்த வழி எளிதானதன்று. 1808இல் அவர் முடித்த ஓவியமொன்றில், வழிபாட்டு மேடைக்குரிய சமயக் காட்சியின் இடத்தில், ஊசியிலை மரங்கள் சூழ்ந்த மலையுச்சியும் அதன்மேல் ஒரு சிலுவையும் இருந்தன. நிலக்காட்சி, அதாவது இயற்கையையே கருப்பொருளாகக் கொண்ட ஓவியம், வழிபாட்டு மேடையில் ஏறுவதா என்று ராம்டோர் என்னும் திறனாய்வாளர் 1809இல் சினந்து எழுதினார். பாறை அசையாத நம்பிக்கையையும், என்றும் பசுமையான மரங்கள் மனிதரின் எதிர்பார்ப்பையும் குறிப்பதாக ஃபிரீட்ரிக் விளக்கமளித்தார்.

1810இல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்ட ‘கடலோரத் துறவி’யிலோ அத்தகைய குறியீடுகளும் இல்லை, வெளிறிய மணற்கரை, கரிய கடல், திரையின் பெரும்பகுதியை நிறைக்கும் வானம், இவற்றுக்கிடையே ஒரு சிறிய மனித உருவம், அவ்வளவே. வண்ணப் பூச்சின் அடியிலுள்ள கோடுகளைக் காட்டித்தரும் அகச்சிவப்புக் கதிர் ஆய்வு, அக்கடலில் அவர் முதலில் கப்பல்களை வரைந்து பின்னர் மறைத்துவிட்டதை வெளிப்படுத்தியது. கப்பல் இருந்திருந்தால் பார்வை அதைப் பற்றிக்கொண்டு, தொலைவை அளந்து, பயணக்கதை ஒன்றைப் புனைந்து நிறைவடைந்திருக்கும். அந்தப் பற்றுக்கோடு போனபின் காண்போருக்கு எஞ்சுவது தம் சிறுமையும், அச்சிறுமையைத் தாங்கி நிற்கும் பெருவெளியும் மட்டுமே.

இயற்கையில் இறைமையைத் தேடும் ஓவியர் பலர் ஒளிவட்டத்தையும் சின்னங்களையும் சேர்த்துக்கொண்டே செல்கின்றனர். விளக்கம் தரும் பொருளை அகற்றிவிட்டு, வெறும் வானமே போதும் என்று நம்பிய ஃபிரீட்ரிக்கின் துணிவு, அவ்வகையில் ஓர் ஆழ்ந்த சமயச் செயலாகும்.