பிளேட்டை மாற்றும் முன் லீவரைப் பாருங்கள்

''என்னிடம் 100 சி.சி. பைக் உள்ளது. தினமும் 2 கேன்களில் 40 லிட்டர் பாலை சொசைட்டிக்குக் கொண்டு போகிறேன். சில வாரங்களாக மேட்டில் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?''

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

கிளட்ச் வழுக்குகிறது. மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஆறியபின், கிளட்ச் லீவரின் நுனியை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கேபிள் இறுகத் தொடங்கும்வரை நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா அசைய வேண்டும். இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவாக இதுதான் அளவு. அந்த அசைவே இல்லையென்றால், நாள் முழுக்க லீவரைப் பாதி பிடித்தபடி ஓட்டுவதற்குச் சமம். பிளேட்டுகள் ஒட்டிப் பிடிக்காமல் உரசி, சூடாகித் தேயும்.

கேபிள் நீண்டால் லீவர் லூஸாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளேட் தேயத் தேய லீவர் டைட்டாகும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நன்றாக இருந்த வண்டியில் லீவர் தானாக டைட்டாகியிருந்தால், பிளேட் தேய்ந்து வருகிறது என்று அர்த்தம்.

லீவர் பக்கத்து அட்ஜஸ்டரில் கொஞ்சம் சரிசெய்யலாம். போதாவிட்டால், இன்ஜின் பக்கம் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டைத் திருகி அளவு வைத்து, மறுபடி லாக் நட்டை இறுக்குங்கள். ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுதாகத் திருப்பினாலும் அந்த அளவு மாறக் கூடாது. ரொம்பவும் லூஸாக விட்டுவிடாதீர்கள். லீவரை முழுதாகப் பிடித்திருக்கும்போதே வண்டி நகரும். கியர் விழக் கஷ்டப்படும்.

அடுத்து ஆயில். இந்த கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே ஊறி ஓடுவது. உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால், புது பிளேட்டும் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ.2' என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது வேகம் கூடாமல் சத்தம் மட்டும் எகிறினால், பிளேட்டை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் இடையிலுள்ள ஸ்டீல் பிளேட்டுகளும் கருகிச் செலவு கூடும். கழற்றும்போதே ஸ்பிரிங்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். புது பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும்.

பாரத்தோடு மேடேறும்போது ஆஃப் கிளட்ச் வேண்டாம். முன்கூட்டியே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். லீவர் முனையில் கேபிளின் ஓர் இழை அறுந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். அது அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.