ஆடும் பல்லும் ஆடாத நம்பிக்கையும்

கம்பத்திலோ சின்னமனூரிலோ பெரியவர்களிடம் பழங்கதை கேட்டு உட்கார்ந்திருக்கையில் ஒன்று அடிக்கடி நம் கண்ணில் படுகிறது. கதை சொல்பவர் பாதியில் நிறுத்தி, ஆடும் பல்லை நாவால் சரிசெய்துகொள்கிறார். "வயசாச்சுல்ல, ஆடத்தான செய்யும்" என்று சிரிக்கிறார். நாமும் சிரித்துவிடுகிறோம். அப்படிச் சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

பல் போனால் சொல் போச்சு என்பது வெறும் எதுகைக்காகச் சொன்னதன்று. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாநுனி பொருந்துவதாலும், வகரம் பல்லும் இதழும் இயைவதாலும் பிறப்பதாகத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. முன்பல் விழுந்தால் இவ்வெழுத்துகள் தாம் பிறக்கும் இடத்தை இழக்கின்றன. வாய்மொழியாகவே கதைகளைக் காத்துவந்த தலைமுறைக்கு இது சிறிய இழப்பன்று.

பல் ஆடுவதற்கு வயது மட்டுமே காரணமன்று என்பதே நம் கட்சி. பல் தாடை எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்களால் எலும்புக் குழிக்குள் கட்டப்பட்டிருக்கிறது. பல்லின் மேல் படியும் அழுக்கு நாளடைவில் காரையாக இறுகுகிறது. அங்கே தங்கும் கிருமிகளால் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பல்லைவிட்டு விலகுகிறது. பின்னர் நார்கள் அறுபடுகின்றன, எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலியே இல்லாமல் இவ்வளவும் நடந்துவிடுகிறது. கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை; மேலும் கரையாமல் தடுக்க முடியும்.

"காரை எடுத்தால் பல் ஆடும்" என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்க, காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது என்பதே உண்மை. "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு செட்டு கட்டிக்கொள்ளலாம்" என்பதும் தவறான கணக்கே. பல் போனபின் தாடையின் மேடு ஆண்டுக்காண்டு தேய்கிறது. கீழ்ச்செட்டு நிற்க இடமின்றி வழுக்குகிறது.

சின்னமனூர் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர். வெற்றிலையைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் அதனோடு சேரும் புகையிலை ஈற்றைக் கெடுக்கிறது. புகையிலை, பாக்கு இரண்டுமே வாய்ப்புற்றை உண்டாக்குபவை. விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் போகிறவர்களுக்கு அது களைப்பைப் போக்கும் துணை என்பதையும் அறிவோம். அறிவுரை மட்டும் போதாது என்பதாலேயே இதைச் சொல்கிறோம்.

நீரிழிவு ஈற்று நோயை முற்றச் செய்கிறது. ஈற்று நோயும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவிடாமல் இடர் செய்கிறது. எலும்புத் தேய்வுக்குச் சில மருந்துகள் எடுத்துக்கொள்ளும் முதிய பெண்களுக்குப் பல் பிடுங்கியபின் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு என்பது 2003 முதல் அறியப்பட்டுள்ளது. மருந்தைத் தாமாக நிறுத்தாமல், பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கூடலூர்க்காரர் அங்கே செல்லத் தேனியையும் கடக்கவேண்டும். ஒருநாள் கூலி போய்விடும். வீடுதேடி நீரிழிவு மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியது. அவ்வாறு வாசலுக்கு வருவோர், "பல் துலக்கும்போது ரத்தம் வருதா? பல் ஆடுதா?" என்ற இரு கேள்விகளையும் எல்லா வீடுகளிலும் கேட்கவேண்டும்; ஆம் என்போரை அருகிலுள்ள அரசு பல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அதுவரை, கதை கேட்கப் போகும் நாம் அந்த இரு கேள்விகளையும் கேட்டுவரலாம்.