கெயின்ஸ்வில் குறிப்புகள் - 23: ஒன்பது பேருக்கு ஒரு கூரை

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. ஆய்வுக்கூடத்தில் ஆணி ஜாஸ்தி. பேராசிரியர் ஊரில் இல்லாத வாரத்தில்தான் ஆணி கூடுது, அது ஏன்னு தனிப்பதிவாவே போடலாம்.

ஆர்லாண்டோவுக்குக் குடும்பத்தோட வர்றோம், எங்கே தங்கறதுன்னு ரெண்டு மூணு பேர் தனிமடலில் கேட்டிருந்தீங்க. நான் இருக்கிற கெயின்ஸ்வில்லில் இருந்து ரெண்டு மணி நேர ஓட்டம்தான், அதனால எனக்குத் தெரியும்னு ஒரு நம்பிக்கை போல. ஆனா எத்தனை பேர் வர்றீங்கன்னு ஒருத்தரும் சொல்லலை. அதுதாங்க முக்கியமே! நாலு பேர்னா இதைப் படிக்க வேண்டாம், பட்ஜெட்டுக்கு ஏத்த ஹோட்டல் ஒண்ணை எடுத்துட்டு நிம்மதியா இருங்க. அஞ்சாவதா ஒரு ஆள் சேரும்போதுதான் கதையே ஆரம்பிக்குது.

அமெரிக்காவில் சாதாரண ஹோட்டல் அறைன்னா ரெண்டு 'க்வீன்' கட்டில். ஒவ்வொண்ணும் 60 அங்குல அகலம். ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர், ஆக நாலு. நம்ம ஊர் லாட்ஜ் மாதிரி "தம்பி, ரெண்டு பாய் எக்ஸ்ட்ரா குடுங்க"ன்னு கேட்கிற வேலை இங்கே ஆகாது. தீப்பிடிச்சா எத்தனை பேர் வெளியே ஓடணும்னு ஒரு கணக்கு இருக்கு, அறைக்கு இத்தனை பேர்னு வரம்பு போட்டிருப்பாங்க. அதை மீறினா வெளியே போன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை உண்டு.

இதில ஒரு வேடிக்கை. அமெரிக்க ஹோட்டல் வரலாற்றில் ஒரு பெரிய மாற்றமே பெரிய குடும்பத்தால் வந்ததுதான். கெம்மன்ஸ் வில்சன்னு மெம்ஃபிஸ்காரர். 1951-ல் பொண்டாட்டி, அஞ்சு பிள்ளைகளோட காரில் வாஷிங்டனுக்குச் சுற்றுலா போயிருக்கார். வழியில் மோட்டல்காரங்க தலைக்கு ரெண்டு டாலர் கூடுதல்னு பிள்ளைகளுக்கும் தீட்டியிருக்காங்க. மனுஷனுக்கு வந்ததே கோபம், அடுத்த வருஷமே மெம்ஃபிஸில் சொந்தமா ஒரு மோட்டல் கட்டிட்டார். பெத்தவங்களோட வர்ற பிள்ளைகளுக்குக் காசு கிடையாதுன்னு அறிவிப்பு. அதுதான் ஹாலிடே இன். இதே வில்சன் 1982-ல் ஆர்லாண்டோ டிஸ்னி பக்கத்தில் ஆரஞ்சு லேக்னு ஒரு ரிசார்ட் ஆரம்பிச்சார், சமையலறையோட கூடிய பெரிய வீடுகள். அஞ்சு பிள்ளை பெத்தவருக்குத்தான் தெரியும் பாருங்க, அறை எவ்வளவு சின்னதுன்னு.

சரி, நம்ம கதை. 2025 மே முதல் வாரம். எனக்கு செமஸ்டர் முடியுது. அப்பா அம்மா முதல் தடவையா அமெரிக்கா வந்து நியூ ஜெர்சியில் அக்கா வீட்டில் இருக்காங்க. அதே சமயம் அத்தானோட அப்பா அம்மாவும் அங்கே. அக்கா, அத்தான், ஆறு வயசுப் பெரியவன், ரெண்டு வயசுச் சின்னவள், அப்புறம் நான். எண்ணிப் பார்த்தீங்கன்னா ஒன்பது. "நீதான் எப்பப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கியே, நீ தேடு"ன்னு அக்கா பொறுப்பை என் தலையில் கட்டிட்டா.

தலை எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. ரெண்டு சம்பந்தி வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே அஞ்சு ராத்திரி தங்கறதுதான் பிரச்சினை. கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் இது முதல் தடவை. திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்கு: எங்க அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறினா ராத்திரி பூரா தூங்க மாட்டாங்க. ஆனா சம்பந்தி அம்மாவுக்கு மாடி ரூம், தனக்குக் கீழ் ரூம்னு ஒரு நாளும் ஒத்துக்க மாட்டாங்க. "நல்ல ரூம் அவங்களுக்குக் குடுத்துருய்யா, எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்"னு போனிலேயே சொல்லியாச்சு. வராதுன்னு எனக்குத் தெரியும்.

முதலில் டிஸ்னியோட சொந்த விடுதிகள். மலிவு வகையில் சாதாரண அறைக்கு நாலு பேர், மூணு வயசுக்குக் கீழ் குழந்தை தொட்டிலில் படுத்தா கணக்கில் வராது. ஆர்ட் ஆஃப் அனிமேஷன்னு 2012-ல் திறந்த விடுதியில் குடும்ப அறைத்தொகுதிகள் இருக்கு, ஆறு பேர், ரெண்டு குளியலறை. யுனிவர்சல் பக்கம் கபானா பே விடுதியிலும் ஆறு பேர் தங்கற மாதிரி உண்டு. ஒன்பது பேர் ஒண்ணா தங்கணும்னா சரட்டோகா ஸ்பிரிங்ஸில் மரவீடுகள், கம்பங்கள் மேல நிக்கிற மூணு படுக்கையறை வீடு. படமெல்லாம் பார்க்க ஜோரா இருக்கு. விலையைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடிட்டேன், என் ரெண்டு மாச உதவித்தொகை போயிடும். ஃபோர்ட் வில்டர்னஸில் கூடாரம் போட ஓர் இடத்தில் பத்து பேர் வரைக்கும் விடறாங்க. அப்பா கிட்ட சும்மா சொல்லிப் பார்த்தேன். "ஏல, இருவது மணி நேரம் ப்ளேன்ல வந்தது டெண்ட்ல படுக்கவா?"ன்னார். :-)

அடுத்தது கண்டோ மாதிரி ரிசார்ட்டுகள், பெரும்பாலும் டைம்ஷேர். ரெண்டு படுக்கையறை வீடு, "எட்டு பேர் தூங்கலாம்"னு போட்டிருப்பாங்க. இந்த எட்டு எப்படி வருதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். பெரிய அறையில் கிங் கட்டில் ரெண்டு பேர், அடுத்த அறையில் ரெண்டு கட்டில் நாலு பேர், மிச்ச ரெண்டு பேர் ஹாலில் சோபாவை இழுத்துப் போட்டு. அந்தச் சோபாக் கட்டிலில் படுத்திருக்கீங்களா? நடு முதுகில் ஒரு இரும்புக் கம்பி ராத்திரி பூரா விசாரிச்சுட்டே இருக்கும். மாணவப் பயல் எனக்குச் சரி. சம்பந்தி வீட்டுப் பெரியவரை அதில படுக்க வச்சா எங்க அப்பா என்னை மகன்னே சொல்ல மாட்டார். டைம்ஷேர் பரிமாற்றம் பண்ற ஆர்.சி.ஐ. மாதிரி நிறுவனங்கள் இதில கொஞ்சம் நேர்மை. ரெண்டு எண் போடுவாங்க: மொத்தம் எத்தனை பேர், அதில் மறைவோட எத்தனை பேர். எட்டு, நாலுன்னு இருந்தா மீதி நாலு பேர் நடைபாதையில்னு அர்த்தம். வேற எங்கே தேடினாலும் அந்த ரெண்டாவது எண்ணை நீங்களே கணக்குப் போட்டுக்கணும். நான் அதுக்கப்புறம் "எத்தனை பேர்"ங்கறதையே பார்க்கலை. கதவு எத்தனை, கழிப்பறை எத்தனைன்னு மட்டும் பார்த்தேன்.

'லாக்-ஆஃப்'னு ஒரு வகை இருக்கு, சம்பந்தி வகையறாவோட போறவங்க குறிச்சு வச்சுக்குங்க. ஒரே வீடு, நடுவில் பூட்டற கதவு. ஒரு பாதிக்குத் தனி வாசல், தனிக் குளியலறை, சின்னதா மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும். இன்னொரு பாதியில் முழுச் சமையலறை. நடுக்கதவைத் திறந்தா கூட்டுக் குடும்பம், மூடினா தனிக்குடித்தனம். ஆறு பேர்னா இதையே எடுத்திருப்பேன்.

ரெண்டு மூணு ஹோட்டல் அறை சேர்த்து எடுக்கறதுன்னா ரெண்டு வார்த்தைக்கு வித்தியாசம் தெரியணும். 'கனெக்டிங்'னா உள்ளுக்குள்ளேயே கதவு இருக்கும். 'அட்ஜாய்னிங்'னா சும்மா பக்கத்து அறை. ஒரு ரிசார்ட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "உங்கள் வேண்டுகோளைக் குறித்துக்கொண்டோம்"னு அந்தம்மா இனிக்க இனிக்கச் சொன்னாங்க. உறுதியான்னு கேட்டா மறுபடி "குறித்துக்கொண்டோம்". மூணு அறை மூணு மாடியில் கிடைச்சா அம்மா எங்கே, சின்னவள் எங்கேன்னு லிஃப்ட்லயே குடித்தனம் நடத்தணும். ஹில்டன்காரங்க 2021-லிருந்து பல ஹோட்டல்களில் முன்பதிவு பண்ணும்போதே கனெக்டிங் அறையை உறுதி பண்ற வசதி கொண்டு வந்திருக்காங்க. ஆனா ஹோட்டல் அறையில் அடுப்பு கிடையாது. அப்பாவுக்கும் மாமாவுக்கும், அதாவது அத்தானோட அப்பாவுக்கும், ரெண்டு பேருக்குமே சர்க்கரை. அஞ்சு நாள் பீட்சாவும் பர்கரும் ஆகற கதையா? அதனால அதுவும் போச்சு.

இடையில டைம்ஷேர்காரங்க வலை வேற. "ரெண்டு மணி நேரம் எங்க பேச்சைக் கேளுங்க, தீம் பார்க் டிக்கெட்டில் தள்ளுபடி"ம்பாங்க. மனைவியும் சேர்ந்து வரணும்னு நிபந்தனை வச்சிருப்பாங்க, என்னை மாதிரி கட்டைப் பிரம்மச்சாரிகள் தப்பிச்சோம். அங்கே போய் உக்காந்து, பேச்சு முடியறதுக்குள்ள கையெழுத்தும் போட்டுட்டீங்கன்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க: ஃப்ளோரிடா சட்டப்படி பத்து நாளுக்குள்ள எழுத்தில் குடுத்து ரத்து பண்ணலாம். அந்த உரிமையை எழுதி வாங்கிட்டாலும் செல்லாது.

கடைசியில் கிஸ்ஸிம்மி பக்கம் வாடகை வீடுகளுக்கு வந்தேன். டிஸ்னிக்குத் தெற்கேயும் மேற்கேயும், 192-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி, விடுமுறைக்குன்னே கட்டின குடியிருப்புகள் வரிசையா இருக்கு. நாலு படுக்கையறை, பின்னாடி நீச்சல் குளம், துவைக்கற மெஷின், முழுச் சமையலறை. புதுசா கட்டினது முக்காவாசி மாடி வீடு, கீழே ஒரே ஒரு படுக்கையறை. அங்கேதான் அம்மா முழங்கால் குறுக்கே நிக்குது. பழைய வீடுகளைத் தேடினேன், ஒரே தளம். ஃப்ளோரிடாப் பாணியில் ஹாலுக்கு இந்தப் பக்கம் பெரிய படுக்கையறை, அந்தப் பக்கம் மத்த அறைகள்னு பிரிச்சுக் கட்டியிருப்பாங்க. அதிலயும் "ரெண்டு மாஸ்டர்"னு போட்டிருக்கிற வீடுன்னா ரெண்டு பெரிய அறைக்கும் அதது குளியலறை. பத்து நாள் தேடினதுல நாலு வீடு சிக்கிச்சு. அம்மாவும் விட்டுக் குடுக்க வேண்டாம், சம்பந்தி அம்மாவும் மனசு சங்கடப்பட வேண்டாம். ரெண்டு அறையும் ஒரே அளவான்னு வீட்டுக்காரருக்கு மடல் போட்டுக் கேட்டேன். "ஏறக்குறைய"ன்னு பதில். எந்த அறையில் வெயில் அடிக்கும்னும் கேட்டேன். அந்தாள் என்னைப் பத்தி என்ன நினைச்சாரோ. அவருக்கு சம்பந்திகள் இல்லை போல.

விலை விஷயம் சொல்லணும். ராத்திரிக்கு 145 டாலர்னு போட்டிருந்தது, அஞ்சு ராத்திரிக்கு 725. கடைசிப் பக்கம் போனா சுத்தம் பண்ற கட்டணம் 180, இடைத்தரகு தளத்தோட சேவைக் கட்டணம், அதுக்கு மேல வரி. அந்த ஆசியோலா மாவட்டத்தில் விற்பனை வரி 7.5, சுற்றுலா வரி 6, ஆக 13.5 சதவீதம். ஆர்லாண்டோ இருக்கிற ஆரஞ்சு மாவட்டத்தில் 12.5. எல்லாம் சேர்ந்து 1,100 தாண்டிடுச்சு. நாங்க போய் வந்த அடுத்த வாரம், 2025 மே 12-ல், கூட்டாட்சி வணிக ஆணையத்தோட புது விதி வந்தது: ஹோட்டலோ வாடகை வீடோ, கட்டாயக் கட்டணத்தையெல்லாம் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்டணும். அரசு வரியை மட்டும் தனியா காட்டிக்கலாம். அதனால இப்போ தேடறவங்களுக்கு என் அளவுக்கு நெஞ்சுவலி வராது. குளிர்காலத்தில் போறவங்க நீச்சல் குளத்தைச் சூடு பண்ண நாளுக்கு எவ்வளவுன்னு கேட்டுக்குங்க, அது தனி. மே மாசம் தேவைப்படலை.

குளம்னதும் இன்னொண்ணு. ரெண்டு வயசுக் குழந்தை இருக்கிற வீட்டில் குளத்துக்கு வேலி இருக்கான்னு கேட்காம முன்பணம் கட்டாதீங்க. ஃப்ளோரிடாவில் 2000-ல் வந்த சட்டப்படி, அதுக்குப் பிறகு கட்டின வீட்டுக் குளங்களுக்கு வேலி, மூடி, கதவு அலாரம்னு ஏதாவது ஒரு பாதுகாப்பு இருந்தே ஆகணும். நாங்க எடுத்தது அதுக்கு முந்தின வீடு. கேட்டதும் வீட்டுக்காரர் வலைத்தடுப்பு வேலியோட படம் அனுப்பினார். அங்கே போனதும் அத்தான் முதல் வேலையா அதை ஆட்டிப் பார்த்தார். அதுக்கப்புறம்தான் பெட்டியையே இறக்கினார்.

அப்புறம் யார் பணம் கட்டறது? அத்தான் நானே கட்டறேன்னார். மாப்பிள்ளை காசில் சுற்றுலாவான்னு அப்பாவுக்கு ஏறலை. ரூபாயை டாலரா மாத்தி ஒரு கவரில் போட்டு ஊரில் இருந்தே கொண்டு வந்திருக்கார் மனுஷன், எனக்கே தெரியாது. ரெண்டாம் நாள் காலையில் அதை அத்தான் கையில் குடுக்க, அத்தான் வாங்க மாட்டேங்க, ரெண்டு பேரும் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்னு தள்ளிக்கிட்டே இருக்காங்க. மாமா காபி டம்ளரோட வந்தார். "சம்பந்தி, வீட்டு வாடகை எம் மவன் பாத்துக்கட்டும். காய்கறி, பலசரக்கு நாம ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி. கணக்கு நான் எழுதுதேன்"னார். அப்பா அதுக்கு மறுப்பே சொல்லலை. அன்னிக்கே ரெண்டு பேரையும் என் ஓட்டைக் கொரோலாவில் ஏத்திட்டு இந்தியக் கடைக்குப் போனேன். ஒரு முருங்கைக்காய்க்கு டாலர் விலையை ரூபாயில் பெருக்கி ரெண்டு பெரியவங்களும் சேர்ந்து திட்டினாங்க பாருங்க, எட்டு வருஷத்தில் அவங்க இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

அம்மா தாளிச்சப்போ ரெண்டு தடவை புகை அலாரம் அடிச்சது. அலாரத்துக்குக் கீழே நின்னு துண்டால் விசிறினது நான். நாலாவது அறையில் எனக்குன்னு மிக்கி மவுஸ் போர்வை போட்ட குட்டிக் கட்டில், கால் வெளியே நீட்டிட்டு இருந்தது. அம்மா அஞ்சு நாளும் தூங்கினாங்க. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் கேட்டுக்கிட்டேன்.

அடுத்து சித்தப்பா குடும்பம் வருது. இந்தத் தடவை பதினொரு பேர், ஸ்மோக்கி மலைப் பக்கம் மரக் கேபின் பார்க்கச் சொல்லியிருக்காங்க. கேட்லின்பர்க், பிஜன் ஃபோர்ஜ் பக்கமெல்லாம் மலைச்சரிவில் கட்டின கேபின்கள், பாதிக்கு மேல வாசலுக்குப் போகவே படிக்கட்டு. பாட்டியும் வர்றாங்க. அந்தப் பக்கம் தங்கின ஆளுங்க இருந்தா, காரை விட்டு இறங்கினதில் இருந்து படுக்கை வரைக்கும் எத்தனை படின்னு மட்டும் பின்னூட்டத்தில் சொல்லுங்க. படமெல்லாம் வேண்டாம், படத்தில் படிக்கட்டைக் காட்டவே மாட்டேங்கறாங்க.