பெறும் கையும் கொடுக்கும் கையும்

தில்லியிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று திரும்புகின்றன. பாட்டி வீடும் குளக்கரையும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் உண்டு. உயிரைக் காத்துக்கொள்ள நாட்டை விட்டு வந்தவர்களுக்கோ அவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. அவர்களே ஏதிலியர் அல்லது அகதிகள் எனப்படுவர்.

1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கைத் தமிழருக்கு எதிராகப் பெரும் வன்முறை மூண்டது. அதன்பின் பல்லாயிரவர் படகேறிப் பாக் நீரிணையைக் கடந்து தமிழகக் கரையை அடைந்தனர். போர் நீடித்த ஆண்டுகளில் இவ்வருகை அலை அலையாகத் தொடர்ந்தது. இன்றும் தமிழ்நாட்டில் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அங்குள்ள இளைஞருள் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். எனினும், 1987 சூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற வேண்டுமாயின், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராக இருத்தல் வேண்டும். ஆகவே, பிறந்த மண்ணிலேயே அவர்கள் அயலாராக வளர்கின்றனர்.

இத்தகைய இளையோருக்கு அரிசியும் உதவித்தொகையும் பள்ளிக்கூடமும் தேவை. இதில் இரு கருத்து இல்லை. ஆனால், எந்நாளும் வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளும் ஒருவர், நாளடைவில் தம்மைப் பிறருக்குச் சுமை என எண்ணத் தொடங்குவார். தம்மால் பிறருக்குப் பயன் உண்டு என்று உணரும்போதுதான் ஓர் இடம் மனத்தளவில் சொந்த இடமாகிறது.

இவ்வுண்மையை ஏதிலியர் தாமே செயலில் காட்டியுள்ளனர். 1984ஆம் ஆண்டு சா. செ. சந்திரகாசன் தலைமையில் தொடங்கப்பெற்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியரைக் கொண்டே ஏதிலியருக்குப் பணியாற்றி வருகிறது. முகாம்களில் படித்த இளையோர், தம்மினும் இளைய மாணவர்களுக்கு மாலை வகுப்புகளை நடத்தினர். 2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஆழிப்பேரலை தாக்கியபோது, துயர் துடைக்கும் பணியில் ஏதிலியர் தொண்டர்களும் பங்குகொண்டனர். பெற்ற கைகளே அன்று கொடுக்கும் கைகளாயின.

இளையோரை முன்னின்று நடத்தச் செய்வது எவ்வாறு? முகாமிற்கு எது முதலில் தேவை என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். படிப்பகமா, விளையாட்டுத் திடலா, மழைநீர்க் கால்வாயா என்று அவர்களே முடிவு செய்யட்டும். சிறு தொகையை ஒப்படைத்து, அதற்குக் கணக்கு எழுதவும் பழக்க வேண்டும். தவறு நேர்ந்தால், பெரியோர் பணியைப் பறித்துக்கொள்ளாமல் அருகிருந்து வழிகாட்ட வேண்டும். பக்கத்து ஊர் இளைஞரும் அப்பணியில் சேர்ந்தால், முகாமுக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவு குறையும்.

“குடியுரிமையே இல்லாதவருக்குத் தலைமை எதற்கு?” என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. பொறுப்பு ஒருபோதும் உரிமைக்கு ஈடாகாது. சட்டம் தீர்க்க வேண்டியதைச் சட்டமே தீர்க்க வேண்டும். ஆனால், அந்தத் தீர்வு வரும்வரை ஒருவரது இளமை காத்திருப்பதில்லை. தம் தேவையைத் தாமே எடுத்துரைக்கவும் பலரை ஒன்றுசேர்க்கவும் கற்றவர், உரிமையைக் கேட்டுப் பெறவும் வல்லவராவார்.

2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என அழைக்கப் போவதாக அறிவித்தது. பெயர் மாறியது நன்று. அங்கு வாழும் இளையோரின் பங்கும் மாற வேண்டும்.

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ச் சிறாருக்கு, வகுப்பில் புதியவராக அமர்வதன் கூச்சம் நன்கு தெரியும். நாளை அவர்கள் வகுப்பிற்கு வேற்றிடத்திலிருந்து ஒரு மாணவர் வரலாம். அவருக்குக் குறிப்பேட்டைக் கொடுத்து உதவுவது நல்ல பண்பு. வகுப்புச் சுவரிதழை உருவாக்கும் பொறுப்பில் ஒரு பங்கை அவருக்கு அளிப்பது அதனினும் சிறந்தது.