இரண்டு கைக்காரர்

நான் குசினியில் வெங்காயம் வெட்டுவது இடக்கையால், எழுதுவது வலக்கையால். சின்ன வயதில் இடக்கையால் எழுதினால் பிரம்படிதான். அதனாலோ என்னவோ, பற் வெண்டெட்டி என்ற பேஸ்போல் வீரரில் எனக்கு ஒரு பிரியம். பிறவியில் வலக்கைக்காரர். மூன்று வயதிலிருந்தே தகப்பன் இடக்கையாலும் எறியப் பழக்கினார். எந்தக் கையிலும் போடக்கூடிய ஆறு விரல் கையுறையோடுதான் ஆடினார்.

வலக்கையால் எறிகிற பந்தை இடப்பக்கம் அடிக்கிறவருக்கு அடிப்பது லேசு. மற்றக் கைக்கும் அப்படித்தான். அதற்காகவே இரண்டு பக்கமும் நின்று அடிக்கப் பழகியவர்கள் நிறையப் பேர். 2008 ஜூனில் நியூயோர்க்கில் அப்படியொருவர் வெண்டெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். இவர் கையை மாற்ற, அவர் பக்கத்தை மாற்ற, ஆட்டம் நின்றுபோனது.

பிறகு விதி வந்தது: எறிகிறவர் எந்தக் கை என்று முதலில் காட்டவேண்டும். அந்த ஆள் ஆடி முடியும்வரை மாற்றக்கூடாது.

யாராவது ஒருவர் முதலில் காட்டத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் எப்போதும் எறிகிறவர்? மற்றவர் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு வசதியான பக்கம் போய் நிற்பார். இத்தனை வருடம் பழக்கின கையால் பிறகு என்ன பிரயோசனம்? கிறிக்கெட்டிலும் இதே கதைதான். கமிந்து மெண்டிஸ் கை மாற்றினால் நடுவருக்குச் சொல்லவேண்டும். துடுப்பாளர் யாருக்கும் சொல்லாமல் பக்கம் மாறி அடிக்கலாம்.

வெண்டெட்டி 2015இல் ஓக்லண்ட் அணியில் பெரிய லீக்குக்கு வந்தபோது வயது 29. 2024இல் சியாட்டில் அணி இன்னொரு இருகைக்காரரை முதல் சுற்றிலேயே எடுத்தது. இனியாவது ஒருமுறை எறிகிறவர், அடுத்தமுறை அடிக்கிறவர் என்று மாறி மாறி முதலில் காட்டட்டும். அதுதான் நியாயம்.