கவுத்து வெச்ச பக்கெட்

பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் தோட்டம் இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். பாழுங்கெணத்துல தூர் வார இறங்கறதுக்கு முன்னாடி, கயித்துல விளக்கைக் கட்டி உள்ளே விடுவாங்க. அணைஞ்சுதுன்னா 'வெசக்காத்துங்க, எறங்காதீங்க'ம்பாங்க. அதுல முக்கியமான ஆசாமி கார்பன் டை ஆக்சைடு. காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால அடியிலயே படுத்துக்கும். ஆனா விளக்கு எரியுதேன்னு நம்பி இறங்கிடாதீங்க. 5 சதவீதம் இருந்தாலே மனுஷனுக்கு மூச்சு வாங்கும், தலை வலிக்கும். விளக்கு பாட்டுக்கு எரிஞ்சுட்டிருக்கும்!

விளக்கு 'இருக்கு, இல்லை'னுதான் சொல்லும். 'எவ்வளவு'ன்னு கேட்டா முழிக்கும்.

அந்த 'எவ்வளவு'க்காக விஞ்ஞானிகள் வருஷக்கணக்கா அலைஞ்ச ஊர், நேபாளத்துல திரிசூலி பள்ளத்தாக்குல இருக்கற சியாப்ரு பென்சி. அங்கே வெந்நீர் ஊற்றுகள் பக்கத்துல நிலத்துலேர்ந்தே இந்த வாயு கசியுது. காரணம், இமயமலைக்கு அடியில நுழையற நம்ம இந்தியத் தட்டு! ஆழத்துல, சூட்டுல கார்பனேட் பாறைகள் வெந்து வாயுவை விடுது. சிமென்ட் சூளையில சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது வர்றதும் இதேதான் (நம்ம மதுக்கரையை நினைச்சுக்கோங்க).

அளக்கறது எப்படி? பக்கெட் மாதிரி ஒரு டப்பாவைத் தரையில கவுத்து, ஓரத்துல காத்து போகாம மண்ணால அடைக்கணும். உள்ளே அகச்சிவப்பு சென்சார். இந்த வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை நல்லா விழுங்கும். எவ்வளவு விழுங்குதோ, அவ்வளவு வாயு. நிமிஷத்துக்கு எவ்வளவு ஏறுதுன்னு கிராஃப் போட்டு, கோட்டோட சரிவைக் கண்டுபிடிச்சு, டப்பாவோட கொள்ளளவால பெருக்கி, அடிப்பரப்பால வகுத்தா விடை ரெடி. அட, முதல் செமஸ்டர் கணக்குதான் பாஸ்!

கஷ்டம் வேற இடத்துல இருக்கு. ஒரு இடத்துல கொட்டும், நாலு அடி தள்ளி ஒண்ணுமே இருக்காது. அதனால நூத்துக்கணக்கான புள்ளிகள்ல டப்பாவைக் கவுக்கணும். மரத்தோட வேரும்தான் இதே வாயுவை விடுது, அதையும் கழிக்கணும். அதுக்கு கார்பன்-13 உதவும். வேர் விடற வாயுவுல அது குறைச்சல், பாறையிலேர்ந்து வர்றதுல அதிகம்.

2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு சியாப்ரு பென்சியில திரும்ப அளந்தப்போ, வாயு வர்ற விதம் மாறியிருந்துச்சு. 2015-க்கு முன்னாடியே பொறுமையா அளந்து வெச்சிருக்காட்டி, 'எப்பவும் இப்படித்தானோ என்னவோ'ன்னு விட்டிருப்போம்.

கேன்டீன்ல ஒருத்தன் கட்டாயம் சொல்வான்: 'பூமியே கார்பனை விடுதுடா, நம்ம பைக் புகை என்ன பண்ணிடும்?' அவனுக்காக ஒரு கணக்கு. எரிமலை, ஊற்று, கசிவு எல்லாம் சேர்த்தும் வருஷத்துக்கு 100 கோடி டன்னைத் தாண்டாதுங்கறதுதான் பெரும்பாலான மதிப்பீடு. நாம நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிச்சு விடறது 3,700 கோடி டன்னுக்கும் பக்கம். அடுத்த டீ அவன் செலவு!