நாட்டு நாய் வளர்ப்பு: அவசரப்பட்டால் நஷ்டமே

நகரங்களில் நாய் வளர்ப்போர் பெருகிவிட்டனர். குட்டி விற்பனை, நாய்த் தீவனக் கடை, குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் நிலையம், வெளியூர் போவோரின் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி என்று இதையொட்டிய தொழில்கள் பலவகைப்படுகின்றன. இதில் சிறு விவசாயிக்கு இடம் உண்டா? உண்டு என்பதே என் கருத்து. ஆனால் அந்த இடம் நாட்டு இனங்களை முறையாக வளர்ப்பதில்தான் இருக்கிறது. குட்டிகளை அவசரமாகப் பெருக்கி விற்பதில் இல்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் நம் தென் மாவட்டங்களின் சொத்து. 2005-ல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 2020-ல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் தனி இனங்களாகப் பதிவு பெற்றன. முன்பு இவற்றில் சில முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டன. இன்று வேட்டை சட்டப்படி குற்றம். ஆகவே, இன்று குட்டி வாங்குபவர்கள் தோட்டக் காவலுக்குத் தேடுவோரும் நகரவாசிகளுமே.

வரவு செலவைப் பார்ப்போம். கறவை மாடு தினமும் பால் தரும். பெட்டை நாயோ 63 நாள் சினைக்குப் பிறகு ஈன்று, அந்தக் குட்டிகள் வளர்ந்தபின்தான் பணம் தரும். ஆண்டு முழுவதும் தீனி போட வேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 18 மாதம் நிறையாத பெட்டையை இனவிருத்திக்கு விடக்கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்து ஈற்று, இவற்றுக்கு மேல் கூடாது. கடன் வாங்கிப் பத்துப் பெட்டைகளைக் கட்டிப்போட்டால் வட்டியும் தீனிச் செலவும் லாபத்தைத் தின்றுவிடும்.

பெரிய நஷ்டம் வேறோரிடத்தில் வருகிறது. 30 நாள் குட்டியையே தரகர் வந்து கேட்பார். கைக்குப் பணம் கிடைக்கிறதே என்று கொடுத்துவிடுகிறோம். தாய்ப்பால் மறக்காத, தடுப்பூசி போடாத அந்தக் குட்டி பயணத்திலேயே வாடும். பார்வோ நோய் தாக்கினால் இரத்தக் கழிச்சலில் சில நாட்களில் இறந்தும் போகும். கெட்ட பெயர் தரகருக்கு அல்ல, ஊருக்கும் இனத்துக்குமே. 8 வாரத்துக்கு முன் குட்டி விற்பதை விதியும் தடுக்கிறது. இரண்டாவது வாரம் முதல் குடற்புழு நீக்கம், 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முறைப்படுத்திக் கொள்ளுங்கள்.

இனத்தைக் கெடுக்கும் இன்னொரு தவறு, உடன்பிறந்தவற்றையும் தாய் மகனையும் சேர்ப்பது. வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு ஏற்கெனவே உண்டு. நெருங்கிய உறவில் சேர்த்தால் இத்தகைய குறைகள் மேலும் பெருகும். குட்டிக்குத் தெரியாமல் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிடென்று தெரிந்தால் இனவிருத்திக்கு வைக்காதீர்கள். ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து, உறவில்லாத கடுவன்களை மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கடுவன், எந்தப் பெட்டை, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அதுவே நாளை உங்கள் குட்டிக்கு விலை பேசும்.

பனிப்பிரதேசத்து ஹஸ்கியை நம் வெயிலில் வளர்த்து விற்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அதுபோலவே, ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறையை இரண்டு அறை வீட்டில் அடைத்து வைப்பவருக்கும் விற்க வேண்டாம். அப்படி விற்ற நாய் பிறகு தெருவில்தான் நிற்கும்.

விற்பதற்காக இனவிருத்தி செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்வது கட்டாயம். விண்ணப்பம் எழுதவும் விதிகளைப் புரிந்துகொள்ளவும் உள்ளூர் கால்நடை மருந்தகங்கள் சிறு விவசாயிக்குக் கைகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தொழில் பணமுள்ளோர் கைக்கே போய்விடும்.

எனவே, தொடங்க விரும்புவோர் நல்ல பெட்டை ஒன்றோடு தொடங்குங்கள். இரண்டு ஈற்று பார்த்து, கணக்குப் போட்டு, பிறகு பெருக்குங்கள். அதுவரை ஆடும் மாடுமே உங்கள் கைமுதல்.